ஊன்றிய கால்

இந்தியா தோற்கட்டும் என்று நினைத்துவிட்டாள். நினைத்து முடித்த பிறகுதான், நினைத்தது தான்தான் என்று உறைத்தது. வாய்விட்டுச் சொல்லித் தொலைத்துவிட்டோமோ என்ற பயத்தில் பிலோமினா பக்கத்தில் பார்த்தாள். ஒரு வரிசை முழுக்கக் குரங்குக் குல்லாக்கள். முக்திநாத்துக்குப் போக வந்து, வழியில் பனி இறங்கி விமானம் கிளம்பாமல் காத்மாண்டுவில் மாட்டிக்கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து யாத்திரைக் கூட்டம். ஹோட்டலில் சும்மா கிடந்து விறைப்பதற்கு நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கைதட்டின புண்ணியமாவது சேரட்டும் என்று டூர்க்காரத் தம்பி இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தான். புண்ணியம் சேர்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகையால் பிலோமினாவின் துரோகத்தை யாரும் கேட்கவில்லை. கீழே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அரையிறுதி, கடைசிப் பத்து நிமிடம் தொடங்கியிருந்தது, இலங்கை கொஞ்சம் முன்னால் இருந்தது. தெற்காசியப் பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் இந்தியா அரையிறுதியில் திணறுவதாவது என்று எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில், இந்தியா கூடவே கூட்டிவந்த நடுவரம்மா தோற்கட்டும் என்று நினைக்கிறாள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். ஆனால் உண்ட வீட்டில் அவளை எங்கே பந்தியில் உட்கார விட்டார்கள்? அணி ஒரு ஹோட்டல், நடுவர்கள் வேறு விடுதி. நாட்டுக்கு ஓர் அணி வரும்போது நாட்டுக்கு ஒரு நடுவரும் கூட வரவேண்டும். வந்த நடுவர் தன் நாடு ஆடுகிற ஆட்டத்தில் மட்டும் விசிலைத் தொடக்கூடாது. நியாயமான ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நியாயத்தின் வாலில் ஒரு முள் இருப்பது மட்டும் மாட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும். தன் நாடு ஜெயித்து இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டால் நடுவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். தன் நாடு மண்ணைக் கவ்வினால்தான் நடுவருக்கு மரியாதை.

"இந்தியா வராவிட்டால், நீங்கள்தான்" என்று காலையில் நடைவழியில் வைத்துச் சொன்னார் அந்த லெபனான்காரர், எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று பிரித்துப் போடுகிற அதிகாரி. நேபாளம் விளையாடிய முதல் அரையிறுதியை அவள் நடத்தி முடித்து, வியர்வை காயாமல் வந்துகொண்டிருந்தபோது, ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே சொன்னார். நேபாளம் ஜெயித்து இறுதிக்குப் போயாயிற்று. எதிரில் வரப்போவது யார் என்பதுதான் பாக்கி. சொல்லிவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காப்பி மெஷின் பக்கம் போய்விட்டார். அவருக்கு அது காப்பிக்கு முந்தின பேச்சு. அவளுக்கு அப்போதிலிருந்து காதுக்குள் ஈ புகுந்த கதை. இந்தியா வராவிட்டால் நீங்கள்தான். அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்கு அவள் பெயர் போகாது. கூடைப்பந்துச் சங்கத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், "ரொம்ப வருஷம் பண்ணிட்டீங்க மேடம், சின்னப் பிள்ளைங்களுக்கும் ஒரு வாய்ப்புக் குடுப்போமே" என்று. மரியாதையாகச் சொன்னால் சண்டை போட முடியாது, அதுதான் மரியாதையில் உள்ள கெடுதல். ஆக இதுதான் கடைசி. இத்தனை வருஷத்தில் எத்தனையோ நாட்டில் எத்தனையோ ஆட்டம். லீக், காலிறுதி, அரையிறுதி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், அதற்குமேல் இல்லை. ஒவ்வொரு முறையும் இந்தியப் பிள்ளைகள் இறுதிக்குப் போய்விடுவார்கள், அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருப்பாள், எல்லோரும் வந்து வாழ்த்துக்கள் என்று கைகுலுக்குவார்கள். ஒரே ஒரு தடவை தோற்றால் என்ன குடியா முழுகிவிடும்? சே. தோற்கட்டும் என்று நினைக்கவில்லை, இலங்கை ஜெயிக்கட்டும் என்றுதான் நினைத்தேன் என்று மாற்றிப் பார்த்தாள். அது கொஞ்சம் நாகரிகமாக இருந்தது. பாவம், சின்ன நாடு, ஜெயித்தால் சந்தோஷப்படுவார்கள். பிறகு அதுவும் பொய்யாகப் பட்டு, யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள் ஜெயிக்கட்டும் என்று இன்னொரு மடிப்பு மடித்தாள். எப்படி மடித்தாலும் அழுக்கு ஏதாவது ஒரு மூலையில் எட்டிப்பார்த்தது. ஊருக்குப் போனதும் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணவேண்டும். சாமி, நான் நம் நாடு தோற்கணும்னு ஆசைப்பட்டேன். சாமியார் கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, கிரிக்கெட்லயாம்மா என்று பதறுவார். இல்லை சாமி, கூடைப்பந்து. ஓ, அதுவா என்று உடனே மன்னித்துவிடுவார். அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றும்விட்டது, ஏனென்றால் கீழே இலங்கைக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்திருந்தது.

விழுந்ததை அவள் பார்க்கவில்லை. கூட்டம் போட்ட சத்தத்தில் தெரிந்துகொண்டாள். பந்து கூடைக்குள் விழுவதைப் பார்த்தே பல வருஷம் ஆகிவிட்டது, அது ரசிகனின் சொத்து. நடுவருக்குக் காலும் கையும்தான். எந்தக் கால் ஊன்றியிருக்கிறது, எந்தக் கால் கிளம்புகிறது, யார் முழங்கை யார் விலாவில். பழக்கதோஷம், பூசையில் நற்கருணை வாங்கப் போகிற வரிசையில்கூட அவள் கண் தரையில்தான் இருக்கும். மற்றவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். தம்பி மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணமேடைப் படியில் கால் மாற்றி வைத்தது அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. கண் அப்படித் தனியாக ஓடும், மனசு தனியாக ஓடும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரைக் கட்டினதுதான் அவள் வாழ்க்கையில் செய்த காரியம். மாவட்ட இறுதி ஆட்டத்தில், தான் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் திண்டுக்கல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எதிராகவே கடைசி நொடியில் விசில் ஊதினாள்; வேறு நடுவர் கிடைக்காமல் அவளையே நிறுத்தியிருந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊதினது தப்பா என்று யாரும் கேட்கவில்லை, ஏன் ஊதினாய் என்றுதான் கேட்டார்கள். பார்த்தேன், ஊதினேன். பார்க்கிறது கண், ஊதுகிறது வாய், இடையில் நான் எங்கே வந்தேன்? அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, கர்வத்தைத் தவிர வீட்டில் துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள். "ஏத்தா, நம்ம பிள்ளைக நீலமா மஞ்சளா?" என்று பக்கத்துக் குல்லா அவள் முழங்கையை இடித்தது. கூட்டத்தில் தூங்காத ஒருசிலரில் ஒருத்தி, கோதையம்மாள் என்று உட்கார்ந்தவுடனேயே பெயர் சொன்ன பெரியம்மா. "நீலம்மா" என்றாள் பிலோமினா. "அய்யய்யோ, நான் இம்புட்டு நேரமா மஞ்சளுக்கில்ல கைதட்டிக்கிட்டு இருந்தேன்! மங்கலகரமா இருக்கேன்னு பாத்தேன்." பிலோமினாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாமல் செய்தவள் ஒருத்தி, தெரிந்து செய்கிறவள் ஒருத்தி. "அந்தா ஒத்தச் சடை போட்டுக்கிட்டு ஓடுதே, அது யாரு? பந்தக் குடுத்தா விடவே மாட்டேங்குது." "அது செண்பகவல்லிம்மா. கோவில்பட்டிப் பொண்ணு." "அடி ஆத்தி, நம்ம பக்கமா! உனக்கெப்படித் தெரியும்?" "நான் ரெஃப்ரிம்மா. ஆட்டத்துல விசில் ஊதுறவ." கோதையம்மாள் குல்லாவை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பின்ன ஏன் இங்க உக்காந்திருக்க? எறங்கிப் போயி நம்ம பிள்ளைகளுக்கு அனுசரணையா ரெண்டு விசில் ஊதப்படாதா?"

ஊதப்படாது, அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். செண்பகவல்லி ஒற்றைச் சடை பறக்க ஓடினாள். அந்தச் சடை இடுப்புவரை தொங்கிய காலத்திலிருந்து பிலோமினாவுக்குத் தெரியும், பள்ளிக்கூடப் போட்டிகளில், பெரியகுளத்தில், கரூரில், வெயிலில் காய்ந்த மைதானங்களில். நல்ல கால். ஊன்றினால் ஆணி அடித்தாற்போல் நிற்கும். மாநிலப் போட்டியில் அவள் ஆடிய முதல் பெரிய ஆட்டத்தில் ஐந்தாவது ஃபவுல் கொடுத்து வெளியே அனுப்பியது பிலோமினாதான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போகவேண்டும், அது சட்டம், கை பட்டதை அவள் பார்த்தாள், ஊதினாள். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து துண்டுக்குள் முகத்தை வைத்து அழுதது. கேலரியிலிருந்து அதன் தாய் எழுந்து நின்று, "உனக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்டீ" என்று கத்தினாள். ஆயிரம் பேர் இருந்த மைதானத்தில் அந்த ஒரு குரல் மட்டும் தேடிவந்து சரியான இடத்தில் இறங்கியது. அடுத்த நொடி பந்தை வாங்கி எதிரணிக்குக் கொடுத்து, கையைத் தூக்கி, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். பிள்ளை இல்லை. பிள்ளைக்கு முன்னால் வரவேண்டிய ஆளே வரவில்லை. தபால் ஆபீசில் வேலை பார்த்த சேவியர் பெண் பார்க்க வந்தபோது பேன்ட் போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஊர் ஊராகப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஞாயித்துக்கிழமைதானே மேட்ச்" என்று இவள் சொன்னாள். அவர் சிரித்தார், இவளும் சிரித்தாள். அது ஒரு கேள்வி என்று பிறகுதான் உறைத்தது, அதற்குள் அவருக்குத் தேவகோட்டையில் பெண் பார்த்தாகிவிட்டது. மடச்சி. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமைதானே மேட்ச். டில்லியிலிருந்து வந்த விமானத்தில் பிள்ளைகள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்து பாட்டும் கூத்துமாக வந்தார்கள், அவளுக்குக் கடைசி வரிசை. செண்பகவல்லி எழுந்து திரும்பிப் பார்த்து, "டீச்சர்!" என்று வாயசைத்து, இரண்டு எட்டு வந்தாள். பயிற்சியாளர் என்னவோ சொன்னார். உடனே உட்கார்ந்துவிட்டாள். நடுவரோடு ஆட்டக்காரர்கள் ஒட்டக்கூடாது, பார்க்கிறவர்கள் நாலு விதமாகப் பேசுவார்கள். பிலோமினாவே அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். இருந்தும் அந்த இரண்டு எட்டை நான்கு நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். விடுதி அறையில் இரண்டு கட்டில். ஒன்று காலியாகக் கிடப்பது கண்ணை உறுத்தியதால் பையைத் தூக்கி அதன்மேல் படுக்க வைத்தாள். இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள்.

ஆட்டம் நெருக்கிவிட்டது. இந்தியா நான்கு புள்ளி போட்டு, இலங்கை இரண்டு போட்டு, மறுபடி இந்தியா இரண்டு. நேபாளத்துக் கூட்டம் இலங்கைக்காகக் கத்தியது, நாளைக்குத் தங்கள் அணிக்கு இலேசான எதிரி வரட்டும் என்று. அதுவும் ஒருவகைக் கணக்குத்தான், அவர்கள் வெளிப்படையாகக் கத்துகிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். அப்படி என்னதான் வேண்டும் எனக்கு அந்த இறுதி ஆட்டத்தில்? ஓட்டம் அதே ஓட்டம், விசில் அதே விசில், தினப்படிக் காசும் அதே காசு. டிவியில் வருவதா? தம்பி பெங்களூரில் பார்ப்பானா? பார்க்கமாட்டான், அவனுக்கு இது என்ன ஆட்டம் என்றே சரியாகத் தெரியாது. சுற்றிச் சுற்றி நினைத்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியது, மிஞ்சியதைப் பார்த்து வெட்கமாக இருந்தது. இறுதி ஆட்டத்தில் மட்டும் நடுவர்களை நடுவில் வரிசையாக நிறுத்தி, விளக்கையெல்லாம் அணைத்து, ஒரே ஒரு வெளிச்சத்தில், மைக்கில் பெயர் சொல்வார்கள். முழுப் பெயரை, ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் உரக்கச் சொல்ல, கூட்டம் கைதட்டும். பிலோமினா. அம்மா செத்த பிறகு அந்தப் பெயரை யார் சொல்லியிருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சங்கத்தில் மேடம். மைதானத்தில் ஏய் ரெஃப்ரி. தம்பிக்கு அக்கா, அதுவும் கிறிஸ்துமசுக்கு ஒரு தடவை. வங்கியில் டோக்கன். அரிசி போடுகிற கடைக்காரன் பாலகிருஷ்ணாபுரம் என்று தெருப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறான். இவ்வளவு பெரிய ஆசையின் அடியில் கிடப்பது ஒரு பெயர் கூப்பிடுவதுதானா என்று அவளுக்கே பரிதாபமாக இருந்தது. பரிதாபப்பட்டாலும் ஆசை விடவில்லை. மூன்று புள்ளி பின்னால் இருந்த இந்தியா இப்போது ஒரு புள்ளி பின்னால். அப்படியே நில்லுங்கடி. அங்கேயே நில்லுங்கள், தாய்மாரே, ஒரு புள்ளிதானே, ஒரு புள்ளியில் தோற்றால் மானம் போகாது, நன்றாக ஆடித் தோற்றார்கள் என்பார்கள். இதைவிடக் கௌரவமாகத் தோற்க வழியே இல்லை.

கடைசி நிமிடத்தில் கோதையம்மாள் கம்பளிக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தாள். "என் பேரன் மெட்ராஸ்ல வீடு வீடா பால் போடுதான். அவனுக்கு அனுப்பணும், ஆச்சி போன இடத்துல என்ன பாத்தான்னு தெரியட்டும்" என்று சொல்லிக் கண்ணாடி இல்லாமல் திரையைத் தடவி, மார்புக்கு முன்னால் நீட்டிப் பிடித்தாள். பிலோமினா கவனிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், அவளும் நின்றாள். இலங்கை ஒரு புள்ளி முன்னால், பந்து இந்தியாவிடம், மேலே கடிகாரத்தில் நொடிகள் உருகிக்கொண்டிருந்தன. பந்து கைமாறிக் கைமாறி வலது ஓரத்தில் செண்பகவல்லியிடம் வந்தது. வாங்கினாள், இரண்டு காலிலும் நின்றாள், இடது காலை ஊன்றினாள். எதிரே மஞ்சள் சட்டைக்காரி குறுக்கே கையை விரித்தாள். செண்பா பந்தை இந்தப் பக்கம் காட்டி, அந்தப் பக்கம் காட்டி. பிலோமினாவின் கண் அந்த இடது காலில் இருந்தது, வேறு எங்கேயும் இல்லை, கூட்டம் இல்லை, சத்தம் இல்லை, குளிர் இல்லை, ஒரு வெள்ளை ஷூ மட்டும். ஷூ கிளம்பிவிட்டது. பந்து இன்னும் கையில்தான் இருக்கிறது, தரையில் தட்டவில்லை, ஊன்றிய கால் கிளம்பிவிட்டது. பந்து தரைக்குப் போகுமுன் ஊன்றிய கால் தூக்கினால் அது டிராவல்; ஆட்டம் நிற்கவேண்டும், பந்து எதிரணிக்கு, இந்தியா தோற்றது, நாளைக்கு. அவள் இரண்டு முஷ்டிகளும் மார்புக்கு முன்னால் எழுந்து ஒன்றையொன்று சுற்றின, நூல் சுற்றுவது போல, இத்தனை வருஷமாகச் சுற்றிய அதே சுற்று. வாயில் விசில் இல்லை. வெறும் காற்று ஊதியது. கீழே பக்கத்திலேயே நின்ற நடுவர் ஊதவில்லை. அந்தப் பெண்ணின் கண் மேலே, கைகளில் இருந்தது. செண்பா மஞ்சள் சட்டையைத் தாண்டி, இரண்டு எட்டில் கூடைக்கடியில் போய், எழும்பி, விட்டாள். பந்து விழுந்தது. பிலோமினா அதைக் கண்ணால் பார்த்தாள். மணி அடித்தது. நீலச் சட்டைகள் குவியலாக விழுந்து, அழுது, சிரித்து. அந்தக் குவியலிலிருந்து செண்பகவல்லி தலையைத் தூக்கிக் கேலரியை நோக்கித் திரும்பினாள், தெரிந்த முகம் ஒன்றைத் தேடுகிறவள் போல. பிலோமினாவின் கைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. "என்னத்தா, கைய இப்படி ராட்டை சுத்துத?" என்றாள் கோதையம்மாள்.

கைகளை இறக்கினாள். இறக்கிப் பாக்கெட்டுக்குள் ஒளித்தாள். போயிற்று, இறுதி ஆட்டம் போயிற்று, அது போனது வலிக்கவேண்டிய இடத்தில் வலிக்கவே இல்லை, வேறு ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. கால் கிளம்பியதா? கிளம்பியதைப் பார்த்தேன். பார்த்தேனா? கிளம்பவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே பார்த்தால் கிளம்பாத காலும் கிளம்புமே. பேய் உண்டு என்று நம்பிப் போகிறவனுக்குப் புளியமரம் கையை ஆட்டுகிற மாதிரி. இல்லை, பந்து கையில் இருந்தது, நன்றாகத் தெரிந்தது, வெள்ளை ஷூ. ஆனால் கீழே இருந்த நடுவருக்கு நான்கு எட்டுத் தூரம், அவள் ஊதவில்லை. எனக்கு நாற்பது எட்டு. அப்படியானால் நான் பார்த்தது என்ன? இதற்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை. வந்திருந்தால் ஒரு ஆட்டம்கூட நடத்தியிருக்க முடியாது. இன்றைக்கு ஒன்றைத் தப்பாகப் பார்த்த கண் அன்றைக்கெல்லாம் சரியாகத்தான் பார்த்தது என்று என்ன நிச்சயம்? அந்த ஐந்தாவது ஃபவுல்? கை பட்டதா? எத்தனை பிள்ளைகள் துண்டுக்குள் அழுதிருக்கும். அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்தாள். "நான் பிடிச்சு வச்சிருக்கேன்த்தா, பாரு, பாரு" என்று கோதையம்மாள் ஃபோனை நீட்டினாள். பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவேண்டாம். பார்க்காமல் எப்படி இருப்பது? கையை நீட்டினாள். படம் ஓடத் தொடங்கியது. மைதானம் இல்லை, பந்து இல்லை, ஷூ இல்லை. திரை முழுக்கக் கோதையம்மாளின் மோவாயும் குல்லாவும். "அட கட்டையில போறது, என் மூஞ்சியில்ல விழுந்திருக்கு!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மோவாய்க்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். கீழே குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு. பிறகு அந்த முகம் மலர்ந்தது. சின்னப் பிள்ளைக்குக் கேட்டது கிடைத்தால் மலர்கிற மாதிரி, கண், கன்னம், வாய் எல்லாம். அது மலர்ந்து முடிந்த பிறகுதான் கைகள் எழுந்து சுற்றத் தொடங்கின. "நீ என்னத்தா இம்புட்டு அழகாச் சிரிக்க!" என்றாள் கோதையம்மாள். "நான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன், நம்ம பிள்ளை போட்டுரும்னு நீ அப்பவே கண்டுபிடிச்சிட்டியே. ரெஃப்ரின்னா சும்மாவா!" இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினாள். பிலோமினா இன்னொரு தடவையும் பார்த்தாள். அந்தச் சிரிப்பை அவள் எந்தக் கண்ணாடியிலும் கண்டதில்லை. அழகாகத்தான் இருந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வருகிறேன் என்று கோதையம்மாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெளியே போகிற வழி மைதானத்தை ஒட்டிய கம்பித் தடுப்பு ஓரமாகத்தான். தலையைக் குனிந்து, கால்களைப் பார்த்து, யாருடைய கால்களையும் பார்க்கக் கூடாது என்று நினைத்து, எதிரே வந்த வெள்ளை ஷூவைப் பார்த்து நின்றாள். "டீச்சர்." கம்பிக்கு அந்தப் பக்கம் செண்பகவல்லி மூச்சு வாங்க நின்றாள். சடை அவிழ்ந்திருந்தது. முகம் முழுக்க ஈரம், வியர்வையா அழுகையா தெரியவில்லை. "பாத்துட்டீங்கள்ல டீச்சர்?" என்றாள். "கால் எடுத்துட்டேன். எடுக்கும்போதே தெரிஞ்சிருச்சு. இந்தா விசில் வரும், இந்தா வரும்னு நெனச்சுக்கிட்டே போறேன், வரவே இல்ல. போட்டுட்டுத் திரும்பினா, நீங்க மேல நின்னு கையச் சுத்துறீங்க. எல்லாரும் கட்டிப்பிடிக்கிறாங்க, தூக்குறாங்க, எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் தெரியல டீச்சர். ஒருத்தராவது பாத்தாங்களேன்னு ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. இனிமே சொன்னா என்ன ஆகும்?" "ஒண்ணும் ஆகாது. முடிஞ்சது முடிஞ்சதுதான்" என்றாள் பிலோமினா. குரல் மைதானத்துக் குரலாகவே வந்தது. கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒரு நொடி முதுகு நிமிர்ந்தது. கால் கிளம்பித்தான் இருக்கிறது, ஐந்தாவது ஃபவுலும் ஃபவுல்தான், சிஸ்டர் முகம் கொடுக்காமல் போன அந்த விசிலும் சரிதான், எல்லாமே சரி. இதோடு நிறுத்திக்கொண்டு போய்விடலாம். இந்தப் பெண் ஊருக்குப் போய், நம்ம டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, நம்ம நாடுன்னுகூடப் பார்க்க மாட்டாங்க என்று நாலு பேரிடம் சொல்வாள். போய்விடலாம். கால் நகரவில்லை.

"பாத்தேன் செண்பா" என்றாள். "பாத்ததும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

செண்பகவல்லிக்குப் புரியவில்லை. "எதுக்கு டீச்சர்?"

"நீங்க தோத்தா நாளைக்கு ஃபைனல்ல நான். அதுக்கு."

பெண் அவள் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று பிலோமினா நினைத்தாள். அதன் தாய் கத்தின மாதிரி கத்தினால்கூடத் தேவலை. பின்னால் அணிப் பிள்ளைகள் செண்பா, செண்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், யாரோ கொடியை விரித்தார்கள், படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்று நடுவில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பிலோமினாவைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. என்ன சொல்வது என்று தெரியாதபோது நம் ஊரில் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள்.

"சாப்ட்டீங்களா டீச்சர்?"

"ம், ஆச்சு. நீ போ" என்று பிலோமினா பொய் சொன்னாள்.